செலினாவில் ஒரு மண்கோட்டை

ஃபிரிஸ்கோவில் வீடு வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லித் தருவார்கள். ஒன்று, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை ரேட்டிங். இன்னொன்று, வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது. செடிக்கு இல்லை, வீட்டுக்கு. கோடையில் மண் காய்ந்து சுருங்கினால் அஸ்திவாரமும் கூடவே இறங்கி, சுவரில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு விடும். அதனால் சுவரோரமாக ஓட்டை போட்ட ஹோஸைப் பதித்து அடிமண்ணை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கடல் தாண்டி வந்த புதிதில் இதைக் கேட்டுவிட்டுச் சபரிநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மனைவி கண்மணி சிரிக்கவில்லை. பின்பக்கம் இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளி, ஹோஸ் தண்ணீர் விட்டுப் பிசைந்து பார்த்தாள்.

"என்னங்க, இது நம்ம கரிசல்லா! அதே கருப்பு, அதே பிசுக்கு. மழை பேஞ்சா ஊதும், வெயிலடிச்சா வெடிக்கும். இதத் தெரியாமலா விளாத்திகுளத்துல பெறந்து வளந்தோம்?" என்றாள்.

கண்மணிக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்து யாரும் பார்த்ததில்லை. பிளேனோவில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பிரிவுக்கு அவள்தான் தலைவி. மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள். அதை வீட்டிலும் இலவசமாகச் செய்துகொண்டிருந்தாள். அதனால் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா நாடகத்தை இந்த வருஷம் நீங்கள் போடுங்கள் என்று சங்கத் தலைவர் நஞ்சுண்டன் சொன்னபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றெல்லாம் அவள் இழுக்கவில்லை.

"போடுதேன் அண்ணாச்சி. ஆனா பெரிய கோட்டையெல்லாம் கெடையாது. எல்லாரும் அதையவே திரும்பத் திரும்பப் போடுதாக. ஒருத்தன் மீசைய முறுக்கிட்டுக் கத்துவான், மத்த பிள்ளைகள்லாம் பின்னால ஈட்டியப் பிடிச்சிட்டு நிக்கும். நான் வாகைமேட்டப் போடுதேன்."

வாகைமேடு அவள் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஊர். சுற்றி மண்மதில். பாளையக்காரர்கள் கும்பினியை எதிர்த்துக் கிளம்பிய காலத்தில் இந்த ஊர்ப் பாளையக்காரரும் கிளம்பினார். பட்டாளம் வந்து ஊரை வளைத்ததும், குதிரைகளை ஓட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் காட்டுக்குக் கிளம்பிவிட்டார். மிச்சம் இருந்தது பஞ்சு எடுக்கிறவர்களும் செக்காட்டுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும். அவர்கள் கதவைச் சாத்தி மண்ணை அண்டக் கொடுத்து உள்ளே இருந்துகொண்டார்கள். பீரங்கிக் குண்டு மதிலில் பட்டால் மதில் உடையவில்லை, குண்டை முழுங்கிக்கொண்டது. ராத்திரி விழுந்த பள்ளத்தைக் காலையில் பெண்கள் மிதித்துக் குழைத்த மண்ணால் பூசி மூடினார்கள். கடைசியில் திருச்சியிலிருந்து பெரிய பீரங்கி வந்தது, ஊர் விழுந்தது. மதிலைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். இதுதான் கதை.

"ராஜாவே இல்லாம ஒரு நாடகமுங்களா?" என்று கேட்டார் நஞ்சுண்டன். அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர்.

"ராஜா இருந்தாத்தான அண்ணாச்சி, எம்பிள்ளதான் ராஜான்னு அம்மாமாரு சண்டைக்கு வருவாக?"

நஞ்சுண்டனுக்கு அது நியாயமாகப் பட்டது. போன வருஷத்துச் சண்டையில் இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

மதிலும் அட்டையில் செய்யக் கூடாது, மண்ணில்தான் கட்ட வேண்டும் என்றாள். ஃபிரிஸ்கோவில் கட்டினால் மறுநாளே குடியிருப்புச் சங்கத்து ஹெச்.ஓ.ஏ.காரன் நோட்டீஸ் ஒட்டிவிடுவான். வேலியின் பெயிண்ட் நிறத்துக்கே கேள்வி கேட்கிறவர்கள், வாசலில் கோட்டை கட்டினால் சும்மா இருப்பார்களா? நல்லவேளையாக வடக்கே செலினாவில் குமாரசாமிக்கு நிலம் இருந்தது. தாராபுரம் பக்கத்துக்காரர், ரிட்டையர் ஆனதும் ஒரு வீடும் நாலு ஆடுமாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டவர். "வந்து கட்டுங்க, எனக்கும் பொளுது போகும்" என்றார்.

அக்டோபரில் தொடங்கி சனிக்கிழமைதோறும் வேலை நடந்தது. தனிக் கரிசலில் மதில் வைத்தால் காய்கிறபோது வெடித்துவிடும். மணலும் வைக்கோலும் சேர்த்து, தண்ணீர் விட்டு, ஒருநாள் புளிக்கவிட்டு, மிதிக்க வேண்டும். ஆட்டுக்கு வாங்கிப்போட்ட புல்கட்டுகளைக் குமாரசாமி உருட்டிவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு கூனிய அப்பாமார்கள் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள். முதல் வாரம் சிரித்துக்கொண்டு மிதித்தார்கள், இரண்டாவது வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள், மூன்றாவது வாரம் யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். ஒரு சாண் உயரம் வைத்துக் காயவிட்டு, அடுத்த வாரம் அதற்கு மேலே ஒரு சாண். கண்மணி தட்டுத்தட்டாக எலுமிச்சம்பழச் சோறும் கிழங்கும் துவையலும் கொண்டுவருவாள். கையைக் கழுவினாலும் நகக்கண்ணில் கருப்பு போகாது, அப்படியே பிசைந்து சாப்பிட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நின்ற மதிலையும் நடுவில் மரக்கதவையும் பார்த்தபோது அத்தனை பேருக்கும் கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது.

பீரங்கி சபரிநாதனுடைய பொறுப்பு. அவன் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் டீமில், பேட்டிங் பழகுவதற்காகப் பந்து வீசுகிற மெஷின் ஒன்று உண்டு. அதன்மேல் கருப்புத் துணியைச் சுற்றி இரண்டு சக்கரத்தை மாட்டினான். சுவிட்சைப் போட்டால் பந்து பறந்துபோய் ஈர மதிலில் தொப்பென்று புதைந்து நின்றது. பிள்ளைகள் குதித்துக் கொண்டாடினார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போனது. தப்பு நடந்தது, யார் உள்ளே யார் வெளியே என்று பிரித்ததில்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனால் எந்தச் சரித்திர நாடகம் போட்டாலும், தமிழ் வாயில் நுழையாத பிள்ளைகள் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குச் சிவப்புக் கோட்டு மாட்டி, "ஃபயர்", "சார்ஜ்", "அரெஸ்ட் ஹிம்" என்று மூன்று வார்த்தை கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும் மேடை கிடைத்தது, நாடகத்தின் தமிழும் கெடவில்லை. இதைவிட வசதி என்ன வேண்டும்? கண்மணியும் அப்படியே பிரித்தாள். பெற்றவர்கள் எல்லாரும் எம்பிள்ளை கோட்டைக்குள்ளேதான் என்று நின்றதில், உள்ளே ஒரு கல்யாணக் கூட்டமும் வெளியே நாலைந்து பேருமாக முற்றுகை அமைந்தது. அந்த நாலைந்து பேரில் ஒருத்தி, அவளுடைய மகள் ரோஷினி.

ரோஷினிக்குப் பதினைந்து வயது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் வெள்ளைக்காரிதான். கலெக்டராக இருந்திருக்கிறாள், ஜட்ஜாக இருந்திருக்கிறாள், எத்தனை விடுதலை வீரர்களைத் தூக்கில் போட்டிருப்பாள் என்று கணக்கில்லை. அம்மா அப்பா பேசுவது ஒரு சொல் விடாமல் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். இந்தக் கதையில் அவள் புத்தகத் தமிழில் பேசுவதாக வருவதெல்லாம் இங்கிலீஷ்தான். படிக்கிறவர்களுக்காகத் தமிழில் மாற்றிப் போட்டிருக்கிறது.

கோட்டைக்குள்ளே சீனியம்மா என்று ஒரு பெண் வேஷம். பாளையக்காரர் ஓடிப்போன பிறகு மதில்மேல் ஏறி நின்று ஊரை நடத்துகிறவள் அவள்தான். அதை வெண்பாவுக்குக் கொடுத்திருந்தாள் கண்மணி. வெண்பா சென்னையிலிருந்து வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, மணி மாதிரி பேசுவாள். ஒத்திகையில் வெண்பா மதில்மேல் நின்று முழங்குகிறபோது, கீழே சிவப்புக் கோட்டில் கைகட்டி நின்ற தன் மகளைக் கண்மணி பார்க்காமல் இருந்துவிடவில்லை. டைரக்டர் தன் மகளுக்குப் பெரிய வேஷம் கொடுத்துவிட்டாள் என்று ஒரு பேச்சு வரக் கூடாது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நவம்பரில் ஒருநாள் செலினாவிலிருந்து பிரெஸ்டன் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரில் அம்மாவும் மகளும் மட்டும்தான். காலுக்கடியில் பேப்பர் விரித்து, அதன்மேல் சேற்றுக் காலை வைத்துக்கொண்டு ரோஷினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"அம்மா, அந்தப் பட்டாளத்தில் எத்தனை பேர் வெள்ளைக்காரர்கள்?"

"கொஞ்சப் பேருதான். ஆபீசருங்க. மத்ததெல்லாம் சிப்பாய்ங்க."

"சிப்பாய் என்றால்?"

"நம்ம ஆளுகதான். சம்பளத்துக்குச் சேந்தவங்க. ஆர்க்காடு, திருச்சி, மதுரைன்னு எல்லாப் பக்கமும் இருந்து."

"அப்படியென்றால் வெளியே நின்றவர்களும் தமிழ்தானே பேசியிருப்பார்கள்?"

"பின்ன?"

"அப்போது உன் நாடகம் தப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனைப் பார்க்கத் தொடங்கினாள்.

சிவப்பு சிக்னலில் கண்மணி பிரேக்கை மிதித்தாள். அவளுக்கு வேலையில் ஒரு கொள்கை உண்டு. நேற்றுச் சேர்ந்த பையன் சொன்னாலும் சரி, வைஸ் பிரசிடெண்ட் சொன்னாலும் சரி, பிழை பிழைதான். யார் கண்டுபிடித்தது என்று பார்க்கக் கூடாது, உடனே திருத்த வேண்டும். இந்தப் பிழையை அவளே பிள்ளைகளைப் பிரித்தபோது பார்த்திருக்க வேண்டும். வாகைமேட்டு மதிலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே பாஷை. சிறு வயதிலிருந்து கதை கேட்டவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

"ஏட்டி, நீ சொல்லுதது சரிதான்" என்றாள். "நாளைக்கே மாத்திருதேன்."

ரோஷினி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவளிடம் தோற்றது அவள் நினைவில் இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் வாட்ஸப் குரூப்பில் புதிய பட்டியல் வந்தது. கோட்டைக்குள்ளே பாதிப் பேர், வெளியே பாதிப் பேர். வெளியே போகிறவர்களில் நன்றாகத் தமிழ் பேசுகிறவர்கள்தான் அதிகம். மதிலுக்கு மேலேயும் கீழேயும் ராத்திரியில் பேசிக்கொள்கிற மாதிரிக் காட்சி எழுதப்போகிறாள் அல்லவா? சிப்பாய்களுக்குத் தலைவனாக வெண்பா.

மத்தியானத்துக்குள் கண்மணியின் வீடு வளைக்கப்பட்டுவிட்டது. போன் ஓயவில்லை. எம்பிள்ளை என்ன பாவம் செய்தான், துரோகி வேஷம் போட? ஊரிலிருந்து தாத்தா பாட்டி லைவில் பார்க்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது? சாயங்காலம் நஞ்சுண்டனும் வெண்பாவின் அம்மா விஷாகாவும் நேரிலேயே வந்துவிட்டார்கள். கண்மணி பருப்பு உருண்டைக் குழம்புக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவவில்லை.

"கண்மணி, நான் ஸ்ட்ரெய்ட்டா பேசிடறேன்" என்றாள் விஷாகா. "வெண்பா ரெண்டு மாசமா சீனியம்மா டயலாக் ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருக்கா. இப்ப போய் அவள காட்டிக் கொடுக்கற க்ரூப்ல போட்டா எப்டி? அவ அழறா."

"யாரையும் காட்டிக் குடுக்கலயே விஷாகா. சிப்பாய்தான. சோத்துக்காகப் போனவன். அவனுக்கும் வசனம் இருக்கு, சீனியம்மாவ விட நல்ல வசனமாவே எழுதுதேன்."

"வசனம் இல்ல மேட்டர். யார் பக்கம் நிக்கறாங்கறதுதான் மேட்டர்."

நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார். "ஏனுங் கண்மணி, அவுங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுங்க. கூலிக்குச் சுடறவனாட்டம் நம்ம கொளந்தைகளைக் காட்டோணுமுங்களா? விசேசமும் அதுவுமா?"

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. திங்கக்கிழம காலையில கழுத்துல பேட்ஜ மாட்டிக்கிட்டு நாம எல்லாரும் எங்க போறோம்?"

"அது வேறீங்க!"

"என்ன வேற? துரை சொன்ன நேரத்துக்குக் கான்ஃபரன்ஸ் கால்ல உக்காந்து எஸ் எஸ்னு சொல்லுதோம்லா? நம்ம ஊர்க் கம்பெனிக்கு எதிரா டெண்டர் போடச் சொன்னாலும் போடத்தான செய்யுதோம்? நான் யாரையும் குத்தம் சொல்லல. நானும் அதுல ஒருத்திதான். அந்தச் சிப்பாயப் பாத்தா எனக்குக் கோவமே வரல அண்ணாச்சி."

சபரிநாதன் எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தான். இந்த வீட்டில் சண்டை வருகிறபோதெல்லாம் அவன் காப்பி போடுவான். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம் கண்மணி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். கண்மணி அவனைப் பார்த்த பார்வையில் மறுபடியும் அடுப்பங்கரைக்குப் போய்விட்டான்.

"சரி, அது போகட்டுமுங்க" என்று நஞ்சுண்டன் வேறு பக்கமாக வந்தார். "கடைசியில கோட்டை விழுகாம முடிச்சிருங்க. மொதல்ல குண்டுக்கெல்லாம் மதில் தாங்குச்சுல்லீங்க, அதோட திரையப் போட்டுருங்க. சிட்டி கவுன்சில் ஆளெல்லாம் வர்றாங்க."

"விழுந்தது விழுந்ததுதான் அண்ணாச்சி. நான் எந்திரிச்சு நிக்கச் சொன்னா நிக்குமா?"

விஷாகா எழுந்துவிட்டாள். வெண்பா நாடகத்தில் இல்லை என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொல்லிவிட்டுப் போனாள். அவளோடு இன்னும் சிலர் விலகினார்கள். நஞ்சுண்டன் மட்டும் இருந்து, குழம்பு கொதித்து இறங்குகிற வரை பேசி, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டு, "எப்படியோ போங்க, வெளையாட்டில்லீங் இது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தடுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அன்று பாத்திரம் கழுவும்போது கண்மணிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது. புதிய பட்டியலில் சீனியம்மாவாகப் போட்டிருந்த வெண்பாவின் தோழியும் அவளோடு விலகிவிட்டாள், வேஷம் காலி. யாரும் பிடுங்கிக் கொடுக்கவில்லை, தானாகக் காலியானது. இனி யார் என்ன சொல்ல முடியும்? தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த மகளிடம் சொன்னாள்.

"ரோசினி, நீ உள்ள வந்துரு. சீனியம்மா நீ பண்ணு. நான் சொல்லிக் குடுக்கேன்."

"வேண்டாம்" என்றாள் ரோஷினி.

"ஏன்?"

"நான் சிப்பாய். அவனைத்தான் எனக்குத் தெரியும். உள்ளே பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். வெளியே நின்று எஸ் சார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பான்."

கண்மணியின் கை தண்ணீரிலேயே நின்றது. "புரியுதுல்லா, அப்புறம் ஏம்ட்டி வாயத் தொறந்து பதில் பேச மாட்டேங்க?"

"பேசினால் திருத்துவாய். ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூன்று தடவை. உனக்குத் தெரியவே தெரியாது, இல்லையா?"

தெரியாதுதான். டைனிங் டேபிளில், காரில், ஊருக்குப் போன் பேசும்போது என்று எங்கெங்கோ நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அதெல்லாம் அக்கறை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"இந்த நாடகம்தான் கடைசி அம்மா" என்று ரோஷினி தட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் கண்மணியை உலுக்கியது. "இதற்கப்புறம் தமிழ்ப்பள்ளி, சங்கம், எதற்கும் வர மாட்டேன். நீ கூப்பிடக் கூடாது. இதைச் செய்கிறேன். ஆனால் என் வசனத்தை நானே எழுதிக்கொள்வேன். நீ பார்க்கக் கூடாது, ஒத்திகையிலும் சொல்ல மாட்டேன்."

டெஸ்ட் பண்ணாத ஒரு வரியைக்கூட வெளியே விட்டதில்லை கண்மணி. வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பயமாக இருந்தது. இந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டு போனால் திரும்பி வந்துவிடும். இப்படி நிதானமாகப் போனால் திரும்பாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் இருப்பாள், ஒரே மேஜையில் சாப்பிடுவாள், ஆனாலும் போயிருப்பாள்.

"சரி" என்றாள்.

"சத்தியமாகப் பார்க்க மாட்டாயே?"

"பாக்க மாட்டேன்ட்டி. எழுது."

சீனியம்மாவுக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் கண்மணியே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மதில்மேல் ஏறினாள். வெள்ளைக்காரத் துரைக்குச் சபரிநாதனைப் பிடித்துப் போட்டாள். "தெனமும் கான்ஃபரன்ஸ் கால்ல பேசுதீங்கள்ல, அதே மாதிரி பேசுங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள். விலகியது போக மிச்சமிருந்த பிள்ளைகளுக்குச் சிப்பாயாக இருப்பது ரொம்பப் பிடித்துப்போனது. உள்ளே இருந்தால் மதிலோரம் நின்று வீர வசனம் பேச வேண்டும். வெளியே இருந்தால் புல்லில் உருண்டு புரளலாம், பீரங்கியைத் தள்ளலாம். பெற்றவர்கள் சண்டை போட்டது எதற்கு என்று பிள்ளைகளுக்குக் கடைசி வரை விளங்கவே இல்லை.

விழாவுக்கு முந்தின நாள் பூராவும் மழை. தார்ப்பாய் போட்டு மூடியும் மதிலின் அடிப்பக்கம் ஊறிவிட்டது. காலையில் மழை விட்டு வடக்குக் காற்று கிளம்பியது, காதை அறுக்கிற காற்று. ஆனாலும் கூட்டம் வந்தது. குமாரசாமியின் களத்தில் மூன்று பானைகளில் பொங்கல் பொங்கியது, கரும்பு ஹூஸ்டனிலிருந்து வந்திருந்தது, ஜாக்கெட்டுக்கு மேல் பட்டுச்சேலை சுற்றியவர்களும் பட்டுச்சேலைக்கு மேல் ஜாக்கெட் போட்டவர்களும் கம்பளி விரித்து உட்கார்ந்தார்கள். விஷாகாவும் வெண்பாவோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதைக் கண்மணி மதில்மேல் இருந்து பார்த்துவிட்டாள்.

நாடகம் நன்றாகவே போனது. பாளையக்காரர் குதிரை ஓட்டிக்கொண்டு ஓடியபோது சிரித்தார்கள். துரை "லெட்ஸ் டேக் திஸ் டவுன் பை எண்ட் ஆஃப் டே" என்றபோது அதைவிடச் சிரித்தார்கள். சபரிநாதன் நிஜமாகவே கான்ஃபரன்ஸ் கால் மாதிரியே பேசினான். பீரங்கி முழங்கியது, பந்துகள் மதிலில் புதைந்தன, உள்ளே இருந்த பிள்ளைகள் ஓடி ஓடி மண் பூசினார்கள். ஈர மண் கையில் ஒட்டி முகத்தில் ஒட்டி, அது நாடகம் மாதிரியே இல்லை.

அடுத்தது ராத்திரிக் காட்சி. பகல் வெளிச்சத்தில்தான், ஆனால் ஒரு பிள்ளை தீவட்டியோடு வந்து "ராத்திரி" என்று அறிவித்தது. சிப்பாய்கள் மதிலுக்குக் கீழே குளிரில் குந்தியிருந்தார்கள். சீனியம்மா மேலே நின்று குனிந்து கேட்க வேண்டும். சிப்பாய் பதில் சொன்னதும், விடிந்து பெரிய பீரங்கி வரும், மதில் விழும், முடிந்தது.

கண்மணி குனிந்தாள். "கீழ நிக்கது யாரு? தமிழு பேசுத ஆளு மாதிரி தெரியுதே. எந்த ஊருய்யா ஒனக்கு?"

ரோஷினி எழுந்து நின்றாள். சிவப்புக் கோட்டு முழுக்கச் சேறு. தலையை நிமிர்த்தி அம்மாவை நேராகப் பார்த்தாள்.  அவள் தமிழில் கேட்டாள்.

"சொன்னா கதவத் தொறப்பீங்களா?"

வார்த்தைகள் கொஞ்சம் அங்கங்கே இடறித்தான் வந்தன. கண்மணி அதைக் கவனிக்கவே இல்லை. கேட்ட கேள்விதான் அவளுக்கு உறைத்தது. எந்த ஊர், யார் பிள்ளை, என்ன படித்தாய், எங்கே சொல்லு பார்ப்போம் என்று இந்தப் பதினைந்து வருஷமும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். கதவை மட்டும் திறக்கவில்லை.

சீனியம்மாவுக்கு இதற்குப் பதில் வசனம் கிடையாது.  நஞ்சுண்டன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். துரை பீரங்கி பக்கத்தில் நின்று, அடுத்து என்ன என்று மனைவி முகத்தைப் பார்த்தான்.

கண்மணிக்கு முடிவெடுக்க எப்போதும் அதிக நேரம் ஆனதில்லை. சேலையை இன்னொரு சுற்று இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

"ஏ பிள்ளைகளா, கதவத் தொறங்க!"

"ஆன்ட்டி, ஸ்கிரிப்ட்ல அப்படி இல்லையே?" என்றான் இனியன். அவன் செக்காட்டுகிறவன் வேஷம்.

"இப்ப இருக்கு. தள்ளு!"

கதவு அசையவில்லை. ராத்திரி மழையில் கரிசல் ஊதி, நிலையை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த பிள்ளைகள் அத்தனையும் சேர்ந்து முட்டித் தள்ளின. கண்மணி தோளைக் கொடுத்தாள். வெளியே ரோஷினி மண்டிபோட்டு, கதவுக்கடியில் இருந்த சேற்றைக் கையாலேயே வாரி வெளியே எறிந்தாள். அவளைப் பார்த்து மற்ற சிப்பாய்களும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வந்து தோண்டத் தொடங்கினார்கள். இந்தப் பக்கம் தள்ளு தள்ளு என்று சத்தம், அந்தப் பக்கம் இழுக்கச் சொல்லி இங்கிலீஷில் புல், புல் என்று சத்தம். களத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பின்வரிசையிலிருந்து பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெண்பா ஓடிவந்து சிப்பாய்களோடு சேர்ந்து தோண்டினாள். விஷாகா கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை.

நிலை கழன்றது. கதவோடு சேர்ந்து மதிலில் ஒரு பக்கமும் மெதுவாகச் சரிந்து, பொதக்கென்று வெளியே உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை. அக்டோபரிலிருந்து மிதித்து மிதித்துக் கட்டின அப்பாமார்கள் ஐயோ என்றார்கள்.

ரோஷினி அந்த மண்குவியலுக்கு வெளியே நின்றாள். மூச்சு வாங்கியது. உள்ளே கண்மணி, முழங்கை வரை கரிசல்.

"ஊரு சொல்லட்டுமா?" என்று கேட்டாள் ரோஷினி.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் கண்மணி.  "உள்ள வா."

ரோஷினி மண்ணை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் பட்டாளம் முழுக்க வந்தது, வெண்பாவும் வந்தாள். கைதட்டல் பிறகுதான் கேட்டது. வாகைமேடு விழுந்துவிட்டதா ஜெயித்துவிட்டதா என்று தெரியாமலே எல்லாரும் தட்டினார்கள். நஞ்சுண்டன் மைக்கில் ஏதோ சொல்லத் தொடங்கி, என்ன சொல்வதென்று தெரியாமல், சாப்பாடு தயார் என்று அறிவித்துவிட்டார்.

வெளியே பீரங்கி பக்கத்தில் சபரிநாதன் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தான். கட்டளையிட ஒரு ஆள் இல்லை.

"கண்மணி, அப்ப நானு?" என்று கத்தினான்.

"நீங்க அங்கனயே நில்லுங்க" என்று மதிலுக்குள்ளிருந்து பதில் வந்தது. கத்தினது கண்மணி இல்லை. "நீங்கதானப்பா வெள்ளக்காரன்!"